மறுத்துப் பேசும் துணை

(அறிவியல் புனைவுத் தொடர்கள் குறித்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடர். கிறிஸ் கார்ட்டர் உருவாக்கியது. 1993 செப்டம்பர் 10 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 2002 மே மாதம் வரை ஒன்பது சீசன்கள் ஓடியது. 1998இலும் 2008இலும் திரைப்படமாகவும் வந்தது. 2016இலும் 2018இலும் மேலும் இரண்டு சீசன்கள் எடுத்தார்கள். மொத்தம் 218 பகுதிகள். இந்தத் தொடர் என்றதும் பறக்கும் தட்டும், வேற்றுக்கிரகவாசிகளும், அரசாங்கம் மறைத்துவைக்கும் சதியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவற்றையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கதையில் துப்பறியும் இருவருக்கு நடுவே வளர்ந்த உறவைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். ஃபாக்ஸ் மல்டராக டேவிட் டுகோவ்னியும், டேனா ஸ்கல்லியாக ஜில்லியன் ஆண்டர்சனும் நடித்தார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கல்லி மல்டர் சொல்வதை நம்புவதில்லை. சொல்கிற மல்டரை நம்புகிறார். மல்டரும் ஸ்கல்லியின் முடிவுகளை ஏற்பதில்லை. ஆனால் ஸ்கல்லி பார்த்துச் சொல்லாத எதையும் அவரால் முழுமையாகச் சொந்தம் கொண்டாட முடிவதில்லை. கருத்தில் ஒன்றாமலே இரண்டு மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைக்க முடியும் என்று இத்தனை பொறுமையாகக் காட்டிய கதை தொலைக்காட்சியில் குறைவு. உண்மையைத் தேடுகிற எவருக்கும் இப்படியொரு துணை வேண்டும் என்பதுதான் இன்றைய என் பேச்சு.

வேவு பார்க்க வந்தவர்

முதல் பகுதியிலிருந்து தொடங்குவோம். கதை நடப்பது 1992இல். ஸ்கல்லி மருத்துவம் படித்துவிட்டு எஃப்.பி.ஐ.யில் சேர்ந்தவர், குவான்டிகோ பயிற்சிக் கழகத்தில் பாடம் நடத்தியவர். மேலதிகாரிகள் அவரை வாஷிங்டன் தலைமையகத்துக்குக் கூப்பிட்டு ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். மல்டர் என்றொரு அதிகாரி இருக்கிறார்; ஆக்ஸ்ஃபோர்டில் உளவியல் படித்தவர்; கொலையாளிகளின் மனப்போக்கைக் கணிப்பதில் கெட்டிக்காரர். ஆனால் இப்போது விளக்கம் கிடைக்காமல் கிடப்பில் போட்ட வழக்குக் கோப்புகளைத் தோண்டிக்கொண்டு அடித்தளத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவரோடு வேலை செய்ய வேண்டும். அந்த வேலையில் பொருளிருக்கிறதா என்று அறிக்கை எழுத வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நோக்கம் ஸ்கல்லிக்கே புரிகிறது. அறிவியல் தெரிந்த ஒருவரின் கையெழுத்தை வைத்து மல்டரின் கடையைக் கட்டப் பார்க்கிறார்கள்.

ஸ்கல்லி படியிறங்கிப் போகிறார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று மல்டருக்கும் தெரியும். அதனால் ஸ்கல்லி கல்லூரியில் எழுதிய ஆய்வேட்டைத் தேடிப் படித்து வைத்திருக்கிறார். ஐன்ஸ்டைனின் இரட்டையர் முரண் பற்றிய ஆய்வேடு அது. படித்தேன், பிடித்திருந்தது என்கிறார். என் வழக்குகளில்தான் இயற்பியல் விதிகள் எடுபடுவதில்லை என்றும் கூடவே சொல்கிறார். மதிப்பும் மறுப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. அடுத்த இருபத்தைந்து ஆண்டுக் கதைக்கான விதை இந்த ஒரு பேச்சில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இருவரும் ஓரிகன் மாநிலத்தில் ஒரு சிற்றூருக்கு விசாரணைக்குப் போகிறார்கள். இறந்துபோன இளைஞர்களின் இடுப்புக்கு மேலே விசித்திரமான இரட்டைத் தழும்புகள். ஓர் இரவு, மின்சாரம் போய்விட்ட விடுதி அறையில், தன் முதுகிலும் அதே போன்ற புள்ளிகள் இருப்பதை ஸ்கல்லி தடவிப் பார்த்து உணர்கிறார். பதறிப்போய் மல்டரின் அறைக் கதவைத் தட்டுகிறார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கொசுக்கடி என்று மல்டர் சொல்கிறார். நிம்மதியில் ஸ்கல்லி அவரை அணைத்துக்கொள்கிறார்.

வேறு தொடராக இருந்திருந்தால் இந்தக் காட்சி எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே அது வேறு பக்கம் திரும்புகிறது. மல்டர் தன் தங்கையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். 1973இல், அவருக்குப் பன்னிரண்டு வயது, தங்கை சமாந்தாவுக்கு எட்டு வயது. ஓர் இரவு அவள் காணாமல் போனாள். தடயமே இல்லை. அந்த வீடு அதற்குப் பிறகு வீடாக இல்லை. மல்டரின் தேடலெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஸ்கல்லி பயத்தோடு வந்தார். மல்டர் அந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொன்னார். தன் கோட்பாட்டுக்குச் சாதகமாக அதைத் திரிக்கவில்லை. வேற்றுக்கிரகவாசிகள் குறி வைத்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஸ்கல்லி அன்றிரவு நம்பியிருக்கக்கூடும். அந்த நேர்மைக்குப் பிறகுதான் தங்கையின் கதை வருகிறது. உறவுக்கு முதல் செங்கல் வைத்தது அந்த நேர்மைதான்.

பழைய இணைகளும் புதிய இணையும்

துப்பறியும் கதைகளில் இணை என்பது புதிதல்ல. 1887இல் ஆர்தர் கானன் டாய்ல் ஷெர்லாக் ஹோம்ஸையும் டாக்டர் வாட்சனையும் ஒரே வீட்டில் குடிவைத்ததிலிருந்து அது மரபாகவே ஆகிவிட்டது. ஆனால் வாட்சன் வியக்கப் பிறந்தவர். ஹோம்ஸ் கண்டுபிடிப்பார்; வாட்சன் எழுதிவைப்பார். அறிவியல் புனைவில் ஐசக் அசிமோவ் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவலில் எலைஜா பெய்லி என்ற மனிதத் துப்பறிவாளருக்கு ஆர். டேனீல் ஆலிவா என்ற ரோபோவைத் துணையாகக் கொடுத்தார். ரோபோக்களை வெறுக்கிற மனிதனுக்கு ரோபோ துணை. 1989இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியே ஒளிபரப்பிய ‘ஏலியன் நேஷன்’ தொடரில், லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் மாத்யூ சைக்ஸுக்கு வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து குடியேறிய ஜார்ஜ் பிரான்சிஸ்கோ கூட்டாளி. இந்தக் கதைகளில் வேற்றுமை பிறப்பில் இருந்தது. பழகப் பழகத் தீரக்கூடியதாக இருந்தது.

மல்டருக்கும் ஸ்கல்லிக்கும் நடுவே இருப்பது அப்படித் தீரக்கூடிய வேற்றுமை அல்ல. எதைச் சான்றாக ஏற்பது என்பதிலேயே அவர்கள் பிரிகிறார்கள். இதில் கார்ட்டர் துணிந்து ஒரு மாற்றமும் செய்தார். பெண் உணர்ச்சியால் நம்புவாள், ஆண் அறிவால் ஆராய்வான் என்பதுதான் அதுவரை திரையில் பழகிய ஏற்பாடு. அதை அவர் புரட்டிப்போட்டார். உள்ளுணர்வும் ஏக்கமும் மல்டருக்கு. நுண்ணோக்கியும் பிரேதப் பரிசோதனை மேசையும் ஸ்கல்லிக்கு. கவர்ச்சியான, பெயர்பெற்ற நடிகை வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் விரும்பியபோது, அப்போது இருபத்துநான்கு வயதேயான, பரவலாக அறியப்படாத ஆண்டர்சன்தான் ஸ்கல்லி என்று கார்ட்டர் பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் நாம் இன்று பேச ஒன்றும் இருந்திருக்காது.

வேலையில் வளர்ந்த உறவு

இவர்களின் உறவு எதனால் வளர்ந்தது? பெரும்பாலும் வேலையால். வாடகைக் காரில் நீண்ட பயணம், மலிவான விடுதிகளில் அடுத்தடுத்த அறை, நள்ளிரவில் தொலைபேசி, விடிகாலையில் பிணவறை. மல்டர் ஓர் ஊகம் சொல்வார். ஸ்கல்லி மறுப்பார். மறுத்துவிட்டு அங்கிருந்து போய்விட மாட்டார். கையுறை மாட்டிக்கொண்டு உடலை அறுத்துப் பார்ப்பார். பார்த்ததை அறிக்கையாகத் தட்டச்சு செய்வார். தன் கொள்கைக்குப் பொருந்தாத தடயம் கிடைத்தால் அதையும் மறைக்காமல் எழுதுவார். மல்டரை வீழ்த்துவதற்காகக் கேட்கப்பட்ட அறிக்கைகள், எழுதுகிறவர் நேர்மையானவர் என்பதாலேயே, மல்டருக்குச் சாட்சியமாக மாறின. வேவு பார்க்க அனுப்பப்பட்டவர் சாட்சியாக ஆகிவிட்டார். முதல் சீசனின் உள்கதை இதுதான்.

மூன்றாவது பகுதியான ‘ஸ்குவீஸ்’ஸில் ஸ்கல்லியின் பழைய நண்பர் ஒருவர் வருகிறார். எஃப்.பி.ஐ.யில் வேகமாக மேலே ஏறிக்கொண்டிருப்பவர். மல்டரைக் கேலி செய்கிறார். அவரை விட்டு விலகினால் ஸ்கல்லிக்கும் மேலே வழி பிறக்கும் என்று ஆசை காட்டுகிறார். ஸ்கல்லிக்கு மல்டரின் ஊகத்தில் உடன்பாடில்லை. ஆனாலும் கேலிக்குத் துணைபோக மறுக்கிறார். கருத்தை மறுக்கும் உரிமை தனக்கு உண்டு, ஆளை இழிவுபடுத்தும் உரிமை யாருக்கும் இல்லை என்ற இந்த வேறுபாட்டை ஸ்கல்லி தொடர் முழுவதும் கைவிடவில்லை.

எட்டாவது பகுதி ‘ஐஸ்’. அலாஸ்காவின் வடகோடியில், பனிக்கட்டியைத் துளையிட்டு ஆராயும் குழு ஒன்று ஒருவரையொருவர் கொன்றுகொண்டு மடிந்திருக்கிறது. காரணம், பனிக்குள்ளிருந்து வெளிவந்த புழு. மனித உடலில் புகுந்து கொலைவெறியைத் தூண்டும் ஒட்டுண்ணி. யாருக்குள் அது இருக்கிறது என்று தெரியாத நிலையில் மல்டரும் ஸ்கல்லியும் ஒருவர்மேல் ஒருவர் துப்பாக்கியை நீட்டி நிற்கிறார்கள். பிறகு ஒரு தனியறையில், எல்லோருடைய கண்ணுக்கும் மறைவாக, மல்டரின் பின்கழுத்தை ஸ்கல்லி தடவிச் சோதிக்கிறார். புழு இல்லை. திரும்பி நடக்கப்போகும் ஸ்கல்லியைப் பிடித்து நிறுத்தி, மல்டரும் அவருடைய கழுத்தைச் சோதிக்கிறார். ஒருவரையொருவர் நம்புகிறவர்கள் சோதிக்க வேண்டியதில்லை என்றுதான் பொதுவாக நினைப்போம். இந்தக் காட்சி அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: சோதிக்க ஒப்புக்கொடுப்பதே இங்கே நம்பிக்கை. வன்மமில்லாமல் சோதிக்கவும், அவமானமில்லாமல் சோதனைக்கு உட்படவும் முடிகிற இருவருக்கு நடுவே எந்தப் புழுவும் நிற்காது.

அந்தச் சீசனின் இறுதியை நெருங்கும்போது, இரவில் காருக்குள் உட்கார்ந்து ஒரு கொலையாளியைக் கண்காணிக்கும் காட்சி வருகிறது. ஸ்கல்லி முதல்முறையாக மல்டரை அவருடைய முதற்பெயரால் அழைக்கப் பார்க்கிறார். மல்டர் சிரித்துக்கொண்டே தடுத்துவிடுகிறார். பெற்றோரைக்கூட என்னை மல்டர் என்றுதான் கூப்பிட வைத்தேன் என்கிறார். உனக்காக அல்லாமல் வேறு யாருக்காகவும் நான் இப்படி என் வேலையைப் பணயம் வைக்க மாட்டேன் என்று ஸ்கல்லி சொல்வதும் அதே காருக்குள்தான். குடும்பப் பெயரால் அழைத்துக்கொள்கிற அலுவலக வழக்கம் இவர்களிடையே அப்படியே நிலைத்தது; அதே வழக்கம் நாளடைவில் வேறு எந்தச் செல்லப் பெயரையும் விட நெருக்கமாக ஒலித்தது. தொலைபேசியில் யாரென்று சொல்ல வேண்டிய தேவையும் போனது. ‘நான்தான்’ என்றால் போதும்.

இடம் மாறும் இருவர்

‘பியாண்ட் தி ஸீ’ முதல் சீசனின் பதின்மூன்றாவது பகுதி. கடற்படை அதிகாரியான ஸ்கல்லியின் தந்தை இறந்துபோகிறார். தான் மருத்துவத்தை விட்டுவிட்டு எஃப்.பி.ஐ.யில் சேர்ந்ததை அவர் மனதார ஏற்றாரா என்ற கேள்விக்கு ஸ்கல்லியிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில், மரண தண்டனைக்குக் காத்திருக்கும் லூதர் லீ பாக்ஸ் என்ற கைதி, இறந்தவர்களோடு தன்னால் பேச முடியும் என்கிறான். மல்டர் அவனைப் பித்தலாட்டக்காரன் என்கிறார். ஸ்கல்லிதான் தடுமாறுகிறார், நம்ப விரும்புகிறார். இருவரும் இருக்கை மாறி உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தப் பகுதி நமக்கு ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டுகிறது. மல்டர் பிறவியிலேயே நம்புகிறவரும் அல்ல, ஸ்கல்லி பிறவியிலேயே சந்தேகிக்கிறவரும் அல்ல. இழப்பு எங்கே இருக்கிறதோ அங்கே நம்பும் ஆசை பிறக்கிறது. மல்டருக்குத் தங்கை; ஸ்கல்லிக்குத் தந்தை. தன் வலியின் வழியாக ஸ்கல்லி மல்டரைப் புரிந்துகொள்கிறார். அதன் பிறகு அவருடைய மறுப்பில் ஏளனத்தின் நிழல்கூட இருக்க முடியாது.

அடுத்த சீசனில் நிகழ்ந்தது கதாசிரியர்கள் திட்டமிடாதது. ஜில்லியன் ஆண்டர்சன் கருவுற்றார். தொடரின் நாயகி பல வாரங்கள் நடிக்க முடியாது. அவருக்குப் பதில் வேறொருவரைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தபோதும் கார்ட்டர் அதற்கு இணங்கவில்லை. மாறாக ஸ்கல்லி கடத்தப்பட்டு, காணாமல் போகிறவராகக் கதையை எழுதினார்கள். 1994 செப்டம்பரில் ஆண்டர்சனுக்குக் குழந்தை பிறந்தது. சில வாரங்களில் படப்பிடிப்புக்குத் திரும்பினார். ஸ்கல்லியின் புற்றுநோய், குழந்தை பெற முடியாத துயரம், பின்னால் வரும் தாய்மை என்று தொடரின் மையக் கதையில் பாதிக்கு மேல் இந்த எதிர்பாராத நிகழ்விலிருந்து முளைத்தது.

உறவுக்கும் அது திருப்புமுனை. நவம்பரில் ஒளிபரப்பான ‘ஒன் பிரெத்’ பகுதியில் ஸ்கல்லி கோமா நிலையில் மருத்துவமனையில் கிடக்கிறார். அவரைக் கடத்தியவர்கள் இன்ன நேரத்தில் உன் வீட்டுக்கு வருவார்கள், இருட்டில் காத்திருந்து சுட்டுவிடு என்று மல்டருக்குத் தகவல் வருகிறது. அவரும் துப்பாக்கியோடு காத்திருக்கிறார். ஸ்கல்லியின் அக்கா மெலிசா வந்து, தங்கைக்கு முடிவு நெருங்கிவிட்டது, வந்து பார் என்கிறாள். வாழ்நாள் முழுவதும் தேடிய பதில்கள் தன் வாசலுக்கே வரப்போகும் அந்த இரவில், மல்டர் எழுந்து மருத்துவமனைக்குப் போகிறார். கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, நான் இங்கே இருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறார். திரும்பி வந்து பார்த்தால் வீடு சூறையாடப்பட்டுக் கிடக்கிறது. அவர் தரையில் சரிந்து அழுகிறார்.

உண்மை வெளியே எங்கோ இருக்கிறது என்று அறிவித்துக்கொண்டு தொடங்கும் தொடர் இது. அதன் நாயகன் உண்மையையும் தன் துணையையும் தராசில் வைத்துத் துணையைத் தேர்ந்தெடுக்கும் இரவு இது. எத்தனை விண்கலங்களைக் காட்டியிருந்தாலும் இந்த ஓர் இரவின் கனத்தை அவற்றால் கொடுத்திருக்க முடியாது.

மறுப்பு இல்லாத உலகம்

என் கருத்துக்கு அடித்தளமான பகுதிக்கு வருகிறேன். 1999 மே மாதம் ஒளிபரப்பான ‘ஃபீல்ட் ட்ரிப்’. வட கரோலினா மலைப்பகுதியில் இளம் தம்பதியின் எலும்புக்கூடுகள் அணைத்தபடி கிடைக்கின்றன. காணாமல் போய்ச் சில நாட்களே ஆனவர்களின் உடலில் சதையே இல்லை. மல்டர் வேற்றுக்கிரகத்தோடு முடிச்சுப் போடுகிறார். ஸ்கல்லி வழக்கம்போல மறுக்கிறார். ஆறு ஆண்டுகளாக நான் சொன்னவை பெரும்பாலும் சரியாகத்தானே இருந்திருக்கின்றன, ஒருமுறையாவது என் பக்கம் சாயக்கூடாதா என்று மல்டர் கொஞ்சம் மனத்தாங்கலோடு கேட்கிறார்.

மலைக்குப் போன மல்டர் ஒரு குகையில் வேற்றுக்கிரகவாசியையே உயிரோடு கண்டுபிடித்துத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்கல்லியிடம் காட்டுகிறார். ஸ்கல்லி கண் கலங்கி, நீ சொன்னதெல்லாம் சரி என்று ஏற்றுக்கொள்கிறார். மல்டர் ஏங்கிக் காத்திருந்த கணம். ஆனால் அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை, சந்தேகம் வருகிறது. ஸ்கல்லி ஏன் கேள்வியே கேட்கவில்லை?

இன்னொரு புறம், ஸ்கல்லி காணும் உலகத்தில் மல்டர் இறந்துகிடக்கிறார். ஸ்கல்லி சொல்லும் எளிய விளக்கத்தை எல்லோரும் அப்படியே ஏற்கிறார்கள். மேலதிகாரி ஸ்கின்னர் பாராட்டுகிறார். மல்டரின் சதிக்கோட்பாட்டு நண்பர்கள்கூட ஒப்புக்கொள்கிறார்கள். ஸ்கல்லிக்கும் அங்கேதான் உறைக்கிறது: என்னை மறுக்க ஒருவர்கூட ஏன் இல்லை?

உண்மையில் இருவரும் மண்ணுக்கடியில் கிடக்கிறார்கள். ஒரு ராட்சதக் காளான் மயக்கப்பொருளை ஊட்டி, இனிய கனவுகளைக் காட்டியபடி, அவர்களை மெல்ல மெல்லச் செரித்துக்கொண்டிருக்கிறது. கனவிலிருந்து இருவரையும் எழுப்பியது மறுப்பு இல்லாமை. தான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் உலகம் தன்னைத் தின்னும் உலகம் என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. இதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஆறு ஆண்டுப் பழக்கம். உடனிருந்தவர் இத்தனை காலம் மறுத்துப் பேசியதன் பயன், உயிர் போகும் நேரத்தில் உயிரைக் காத்தது.

நண்பர்களே, இது 1999இல் எழுதப்பட்ட கதை. நமக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பக் காட்டும் திரைகளை நம் கையில் வைத்துக்கொண்டு வாழ்கிறோம் இன்று. நம் கருத்தை எல்லோரும் ஏற்பதுபோல் தோன்றும்போதெல்லாம் இந்தப் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

இதற்கு மறுமுனையில் வைத்துப் பார்க்க வேண்டியது, 1998இல் வின்ஸ் கில்லிகன் எழுதிய ‘ஃபோலி ஆ டூ’. பின்னாளில் ‘பிரேக்கிங் பேட்’ தொடரைப் படைத்தவர் அவர்தான். ஓர் அலுவலக மேலாளர் உண்மையில் பூச்சி உருவம் கொண்ட பிசாசு என்று மல்டர் சொல்கிறார். யாரும் நம்பவில்லை; மனநோய் மருத்துவமனையில் கட்டிப்போடுகிறார்கள். ஸ்கல்லியிடம் மல்டர் கெஞ்சுகிறார்; இந்த உலகத்தின் ஐந்நூறு கோடிப் பேரில் என்னை நம்பக்கூடியவர் நீ ஒருவர்தான் என்கிறார். ஸ்கல்லியால் அந்தக் கதையை ஏற்க முடியவில்லை. ஆனால் மல்டர் சொன்ன இடத்தில் தடயம் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க முடிகிறது. இருக்கிறது. உடனே மருத்துவமனைக்கு ஓடுகிறார், ஜன்னலோரம் அந்த உருவத்தைத் தானே காண்கிறார், சுடுகிறார். நம்பவில்லை, போய்ப் பார்த்தார். துணை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருளை நான் கண்டதில்லை.

ஓர் எதிர்ப்பு

இத்தொடர்மீது கடுமையான விமர்சனமும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1996இல் பிபிசியின் டிம்பிள்பி சொற்பொழிவில் இத்தொடரைக் கண்டித்தார். ஒவ்வொரு வாரமும் அறிவார்ந்த விளக்கம் ஒன்றும் அமானுஷ்ய விளக்கம் ஒன்றும் வைக்கப்படுகின்றன. வாரம் தவறாமல் அமானுஷ்யமே வெல்கிறது. இது மக்களின் பகுத்தறிவை மழுங்கடிக்கிறது என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் உண்டு. கதையின் முடிவுகளைக் கணக்கெடுத்தால் ஸ்கல்லி தோற்கும் வாரங்களே அதிகம். ஆனால் பார்வையாளர்கள் முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஜீனா டேவிஸ் ஆய்வு நிறுவனம் 2018இல் அமெரிக்கப் பெண்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் பணிபுரிந்த, ஸ்கல்லியை அறிந்திருந்த பெண்களில் 63 சதவீதம் பேர், அவர் தங்களுக்கு முன்மாதிரியாக இருந்தார் என்றார்கள். வாரந்தோறும் தோற்றதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண் எப்படி ஒரு தலைமுறைக்கு அறிவியலின் முகமாக ஆனார்? அவர் வேலை செய்த விதத்தால். பயத்தின் நடுவிலும் அளந்து பார்த்தார். தெரியாததைத் தெரியாது என்றார். சான்று வந்தபோது மாறினார். அறிவியல் என்பது முடிவுகளின் பட்டியல் அல்ல, நடத்தை. அந்த நடத்தையைப் பார்வையாளர்கள் சரியாக அடையாளம் கண்டுகொண்டார்கள். தொடருக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தவரும் ஒரு பெண்தான், வைரஸ் ஆய்வாளர் ஆன் சைமன்.

திரைக்கு வெளியே

திரையில் சமமாக நடந்த இந்த இருவர், திரைக்கு வெளியே சமமாக நடத்தப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில் டுகோவ்னியைவிடத் தனக்கு மிகக் குறைவான ஊதியமே தரப்பட்டதாகவும், அதைச் சரிசெய்ய மூன்று ஆண்டுகள் போராட வேண்டியிருந்ததாகவும், கேமராவில் அவருக்குச் சில அடி பின்னால் தள்ளி நிற்கும்படி தனக்குச் சொல்லப்பட்டதாகவும் ஆண்டர்சன் பேட்டிகளில் கூறியிருக்கிறார். 2016இல் தொடர் திரும்பி வந்தபோதும் முதலில் பாதி ஊதியம் பேசப்பட்டதை அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தோழமை என்பது கதாசிரியர் எழுதிக்கொடுப்பதால் மட்டும் உண்டாகிவிடாது. இருவரும் ஒரே வரிசையில் நிற்க இடம் வேண்டும். அந்த இடத்தைப் போராடித்தான் ஆண்டர்சன் பெற்றார். 1997இல் சிறந்த நடிகைக்கான எம்மி விருது வாங்கினார். 2000இல் ‘ஆல் திங்ஸ்’ என்ற பகுதியைத் தானே எழுதி இயக்கினார். இத்தொடரில் ஒரு பகுதியை இயக்கிய முதல் பெண் அவர்தான்.

காதலா, இல்லையா?

கூட்டத்தில் பலரின் மனத்தில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். இது காதலா? தொடர் ஓடிய காலமெல்லாம் ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து இதற்காக வாதாடினார்கள். படைப்பாளிகளும் அதை நெடுங்காலம் தள்ளிப்போட்டார்கள். 1998 திரைப்படத்தில் ஸ்கல்லி வேலையை விட்டுப் போகவிருக்கும் நேரம். வீட்டு நடைக்கூடத்தில் மல்டர் அவரைத் தடுத்துப் பேசுகிறார். உன் கண்டிப்பான அறிவும் உன் அறிவியலும் என்னை ஆயிரம் முறை காப்பாற்றின, என்னை நேர்மையாக வைத்திருந்தன, என்னை முழு மனிதனாக்கின என்கிறார். முத்தத்துக்கு நெருங்கும் வேளையில் ஒரு தேனீ கொட்டி அதைத் தடுத்துவிடுகிறது. முத்தம் வர, 1999 நவம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதியில் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவுக் காட்சி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என்னைப் பொறுத்தவரை, நடைக்கூடத்தில் மல்டர் சொன்னதுதான் அறிவிப்பு. முத்தம் அதற்குப் பின்வந்த கையொப்பம். அழகைப் பற்றி ஒரு சொல் இல்லாத காதல் மொழி அது. நீ என்னை மறுத்ததற்கு நன்றி என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார். பிந்தைய ஆண்டுகளில் குழந்தை, தலைமறைவு, பிரிவு என்று கதை சிக்கலானபோது உறவும் தளர்ந்துபோனது. காதலாக மாறியதால் அது தளர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து ஒரே வழக்கை வாதிடும் வேலையை அவர்களிடமிருந்து பறித்ததால் தளர்ந்தது. வேலையில் வளர்ந்த உறவுக்கு வேலைதான் உணவு.

எட்டாவது சீசனில் ஒரு நல்ல மாற்றமும் நிகழ்ந்தது. மல்டர் இல்லாத அந்த அறைக்கு ஜான் டாகெட் என்ற முன்னாள் நியூயார்க் காவலர் புதிய கூட்டாளியாக வருகிறார். எதையும் எளிதில் நம்பாதவர். அவர் எதிரில் ஸ்கல்லி, மல்டர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளைக் கேட்கத் தொடங்குகிறார். ஏழாண்டு எதிர்வாதம் செய்தவர், எதிராளியின் வாதத்தை அவர் இல்லாத நேரத்தில் தானே சுமக்கிறார். ஒருவரை உண்மையாக மறுத்தவரால்தான் அவருடைய கருத்தை உண்மையாகக் காக்கவும் முடியும்.

நிறைவாக

நாம் நட்பைப் பற்றிப் பேசும்போது ஒத்த மனத்தைப் புகழ்கிறோம். கூடியிருந்து ஒரே குரலில் பேசுவதை ஒற்றுமை என்கிறோம். ஆய்வுக்கூடத்திலும், செய்தி அறையிலும், நீதிமன்றத்திலும், வீட்டிலும் நம்மை மறுக்கிறவரை எதிரி வரிசையில் வைத்துவிடுகிறோம். மல்டரும் ஸ்கல்லியும் இதை மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். உங்களை மறுத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் பலர். உங்களை ஏற்றுக்கொண்டு யோசிக்காமல் இருப்பவர்கள் அதைவிடப் பலர். மறுத்துவிட்டு, உங்களோடு அதே காரில் ஏறி, அதே இருட்டுக்குள் டார்ச் விளக்கோடு வருகிறவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அவர் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். உங்கள் கண்டுபிடிப்பு பொய்யா மெய்யா என்று உங்களுக்குச் சொல்ல அவரைத் தவிர ஆள் கிடையாது.

அப்படியொரு துணையாக மற்றவர்க்கு இருக்கவும் நாம் பழக வேண்டும். போய்ப் பார்க்காமல் மறுக்காதீர்கள். பார்த்த பிறகு மறைக்காதீர்கள். இளைஞர்களிடம் குறிப்பாக இதைக் கேட்டுக்கொள்கிறேன்.